கணக்குக்காக மட்டுமா? – ஒரு நீளக் கம்பியின் கதை

சந்திப்பு மலர் என்றாலே விடுதிச் சாப்பாடு, கேன்டீன் வடை, தேர்வுக்கு முந்தின ராத்திரி என்று எழுதுவதுதான் வழக்கம். அவற்றை என்னைவிடச் சுவையாக எழுதுகிற பேனாக்கள் நம்மில் நிறைய உண்டு. மின் பொறியியல் படித்துவிட்டு, உயர் அழுத்த மின்பாதை அமைக்கும் வேலையில் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் காலம் தள்ளுகிறவன் நான். நாமெல்லாம் ஒரு செமஸ்டர் முழுக்கச் சுமந்து, தேர்வில் எழுதி, வெளியே வந்ததும் மறந்துபோன ஒரு பொருளின் வரலாற்றை இந்த மலரில் சொல்லலாம் என்று தோன்றியது.

அதன் பெயர் வெக்டர் பொட்டன்ஷியல். ‘ஃபீல்ட்ஸ்’ பாடத்தில் காந்தப்புலத்துக்கு அடுத்த அத்தியாயத்தில் வருமே, அதுதான். “சார், காந்தப்புலம்தான் இருக்கே, இது வேற எதுக்கு சார்?” என்று கேட்காத வகுப்பு கிடையாது. “அது கணக்கைச் சுலபமாக்க மட்டும்ப்பா, நிஜத்தில் அப்படி ஒண்ணும் கிடையாது” என்பது பெரும்பாலும் கிடைக்கிற பதில். பாடப்புத்தகங்கள் பலவும் அதையே சொல்கின்றன.

அந்தப் பதிலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்தப் பொருளை முதலில் நினைத்துப் பார்த்தவர் கணக்கே தெரியாத ஒருவர்! கணக்கு தெரிந்த ஒருவர் அதற்குப் பெயர் வைத்தார். இன்னொருவர் அதைத் தூக்கி வெளியே எறிந்தார். எறிந்தது எழுபது ஆண்டு கழித்துப் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. அந்தக் கதைதான் இது.

திசைகாட்டியும் கம்பியும்

1820 ஜூலை 21 அன்று, கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்த ஓயர்ஸ்டெட் லத்தீன் மொழியில் ஒரு சிறு வெளியீட்டை ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகில் திசைகாட்டி முள் திரும்புகிறது என்பது அதன் சாரம். அதுவும் கம்பியை நோக்கித் திரும்பவில்லை, கம்பிக்குக் குறுக்காகத் திரும்பியது. காந்தப்புலம் கம்பியைச் சுற்றிச் சுற்றி வட்டமிடுகிறது என்று இன்று நாம் சொல்வது அதைத்தான்.

பாரிஸில் ஆம்பியர் சில வாரங்களில் வேலையைத் தொடங்கிவிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று பியோவும் சவாரும், நீளமான நேர்க்கம்பியின் காந்த விசை தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைகிறது என்று அறிவித்தார்கள். தூரம் இரண்டு மடங்கானால் விசை பாதி. 100 ஆம்பியர் ஓடும் நீளக் கம்பியிலிருந்து 1 மீட்டர் தள்ளி நின்றால் காந்தப்புலம் 20 மைக்ரோடெஸ்லா. நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. 10 மீட்டரில் 2 மைக்ரோடெஸ்லா. இதுவரை யாருக்கும் சண்டை இல்லை.

புத்தகம் பைண்டு செய்தவரின் சந்தேகம்

மைக்கேல் ஃபாரடே கொல்லரின் மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவர். கணக்குச் சமன்பாடுகளை அவர் கடைசிவரை தொடவில்லை. 1831 ஆகஸ்ட் 29 அன்று இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச்சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைப் பாய்ச்சினார். மற்றதில் இணைத்த முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டு அடங்கிப் போயிற்று. மின்னோட்டத்தை நிறுத்தினார், முள் எதிர்ப்பக்கம் துள்ளியது. இன்றைய டிரான்ஸ்ஃபார்மர்களுக்கெல்லாம் பாட்டன் அந்த வளையம்.

எல்லோரும் துள்ளலைப் பார்த்தபோது ஃபாரடே நடுவில் இருந்த அமைதியைப் பார்த்தார். போட்டபோது ஒரு துள்ளல், நிறுத்தியபோது ஒரு துள்ளல். இடையில் மின்னோட்டம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் இரண்டாவது கம்பி ஏதோ ஒரு நிலைக்குள் போகிறது, அந்த நிலையிலேயே இருக்கிறது, பிறகு அதிலிருந்து வெளியே வருகிறது. போகும்போதும் வரும்போதும்தான் மின்னோட்டம் தெரிகிறது. அந்த மறைவான நிலைக்கு ‘எலெக்ட்ரோடானிக் நிலை’ என்று பெயர் வைத்தார்.

பெயர் வைத்தால் போதுமா? நிரூபிக்க வேண்டுமே! சீரான மின்னோட்டம் ஓடும்போது, பக்கத்துக் கம்பியில் ஏதாவது ஒரு மாற்றம் தெரிகிறதா என்று தேடிப் பார்த்தார். ஒன்றும் கிட்டவில்லை. நேர்மையான மனிதர், சில மாதங்களிலேயே அந்தக் கருத்து தேவையில்லை என்று எழுதிவிட்டார். ஆனால் எண்ணம் அவரை விடவில்லை. பின்னாளிலும் அவரது கட்டுரைகளில் அது அவ்வப்போது தலைகாட்டியது. ஃபாரடே தேடிய அந்தத் தடயம் என்ன ஆயிற்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத்தான் வரப்போகிறேன்.

முதல் எழுத்து

1845-இல் கோனிக்ஸ்பர்க் நகரத்து ஃபிரான்ஸ் நாய்மன், ஒரு சுற்றின் மின்னோட்டம் இன்னொரு சுற்றில் எவ்வளவு மின்சாரத்தைத் தூண்டும் என்பதற்கு ஒரு கணக்கு முறை கொடுத்தார். கம்பியைத் துண்டு துண்டாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டின் மின்னோட்டத்தையும் அதன் தூரத்தால் வகுத்துக் கூட்டுவது அதன் அடிப்படை. இன்று நாம் வெக்டர் பொட்டன்ஷியலைக் கணக்கிடுவதும் அதே வழியில்தான். ஆனால் நாய்மன் அதை ஃபாரடேயின் மறைவு நிலையோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். ஃபாரடே மின்தூண்டலைக் கண்டுபிடித்த அதே 1831-இல், ஜூன் 13 அன்று பிறந்தவர். 1855 டிசம்பரில், இருபத்து நான்கு வயது இளைஞராக, ஃபாரடேயின் விசைக்கோடுகளைப் பற்றிய கட்டுரையைக் கேம்பிரிட்ஜில் வாசிக்கத் தொடங்கினார். அதில் எலெக்ட்ரோடானிக் நிலையைக் கணக்கு உருவில் எழுதிக் காட்டினார். அந்த நிலை மாறும் வேகம்தான் தூண்டப்படும் மின்புலம் என்றார். ஃபாரடே வாய்வார்த்தையாகச் சொன்னது அப்படியே சமன்பாடாக உட்கார்ந்துவிட்டது.

1865-இல் வெளியான பெரிய கட்டுரையில் அதற்கே ‘மின்காந்த உந்தம்’ என்று பெயர் கொடுத்தார். ஓடும் பஸ் சடன் பிரேக் போட்டால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? அதுபோல மின்னோட்டத்துக்கும் ஓர் உந்தம் உண்டு, அது கம்பிக்குள் இல்லாமல் சுற்றியுள்ள வெளியில் இருக்கிறது என்பது அவர் பார்வை. 1873-இல் வந்த அவரது பெரிய நூலில் ‘வெக்டர் பொட்டன்ஷியல்’ என்ற பெயர் வருகிறது. அந்த நூலில் மின்காந்த அளவுகளுக்கெல்லாம் வரிசையாக எழுத்துக் கொடுத்தார். காந்தப்புலத்துக்கு ‘பி’, மொத்த மின்னோட்டத்துக்கு ‘சி’, இடப்பெயர்ச்சிக்கு ‘டி’. முதல் எழுத்தான ‘ஏ’ யாருக்கு? வெக்டர் பொட்டன்ஷியலுக்கு! காந்தப்புலத்துக்கு ஏன் ‘பி’ என்று நாம் யாரும் கேட்டதில்லை. ‘ஏ’ என்ற இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

வாய்க்காலும் துரும்பும்

சரி, ஒரு நீளக் கம்பியைச் சுற்றி இந்த ‘ஏ’ எப்படி இருக்கும்? மாக்ஸ்வெல் ஓடும் நீரை உவமையாக வைத்து யோசித்தவர். நாமும் அப்படியே யோசிப்போம்.

ஒரு வாய்க்கால். நடுவில் தண்ணீர் வேகமாக ஓடுகிறது, கரைப் பக்கம் போகப் போக வேகம் குறைகிறது. நடுவுக்கும் கரைக்கும் இடையில் ஒரு துரும்பைக் குறுக்காகப் போடுங்கள். அது நேராக மட்டும் போகாது. ஒரு முனையை வேகமான நீர் இழுக்க, மறுமுனை பின்தங்க, சுழன்றுகொண்டே போகும். நடுவில் இருப்பதுதான் நம் கம்பி. நீரின் ஓட்டம் ‘ஏ’. அது கம்பிக்கு இணையாக, மின்னோட்டம் போகும் திசையிலேயே ஓடுகிறது, தூரம் போகப் போகக் குறைகிறது. துரும்பின் சுழற்சிதான் காந்தப்புலம். ‘கர்ல்’ என்று நாம் நெட்டுருப் போட்ட சொல்லின் அர்த்தம் இவ்வளவே.

இப்போது ஒரு சிக்கல். கம்பி முடிவில்லாமல் நீளமானது என்று வைத்துக்கொண்டு, துண்டு துண்டாகக் கூட்டிப் பாருங்கள். காந்தப்புலத்துக்கு விடை ஒழுங்காக வருகிறது. தொலைதூரத் துண்டுகளின் பங்கு சட்டென்று செத்துவிடுகிறது. ‘ஏ’ அப்படி இல்லை. கம்பியின் நீளத்தைப் பத்து மடங்காக்கினால் ஓர் அளவு கூடுகிறது. மறுபடி பத்து மடங்காக்கினால் அதே அளவு மறுபடி கூடுகிறது. கூட்டிக்கொண்டே போனால் விடை முடிவிலி! “போச்சுடா” என்று பேனாவை வைத்துவிட்ட மாணவர்கள் எத்தனை பேரோ!

ஆனால் இரண்டு இடங்களுக்கு இடையேயான வித்தியாசத்தைக் கேளுங்கள். 1 மீட்டரில் இருப்பதற்கும் 10 மீட்டரில் இருப்பதற்கும் என்ன வித்தியாசம்? 100 ஆம்பியருக்கு, மீட்டர் ஒன்றுக்கு 4.6 × 10⁻⁵ வோல்ட்-வினாடி. முடிவிலி எங்கும் இல்லை. நம் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருப்பார்கள். கடல் மட்டத்தை விட்டுவிட்டு வேறு எதை அடிப்படையாக வைத்தாலும் பலகையில் இருக்கிற எண் மாறும். ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு ரயில் ஏற வேண்டிய ஏற்றம் மாறாது. ‘ஏ’யும் அப்படித்தான். பூஜ்யத்தை எங்கே வைப்பது என்பது நம் விருப்பம், வித்தியாசம் நம் விருப்பம் அல்ல.

அந்த முடிவிலி இன்னொரு பாடமும் சொல்கிறது. போன மின்னோட்டம் திரும்பி வந்தாக வேண்டும்! ஒரே ஒரு கம்பி, போவதற்கு மட்டும், வருவதற்கு வழி இல்லை என்ற ஏற்பாடு உலகத்தில் எங்கும் கிடையாது. திரும்பி வரும் கம்பியையும் சேர்த்துக் கூட்டினால், போகிற கம்பியின் முடிவிலியும் வருகிற கம்பியின் முடிவிலியும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இரண்டு கம்பிகளுக்கும் உள்ள தூரங்களின் விகிதம் மட்டுமே மிஞ்சுகிறது. 1870-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைப் பொதுவாகவே எடுத்துக்காட்டினார். நாய்மன், வெபர், மாக்ஸ்வெல் மூவரின் சூத்திரங்களும் ஒரு துண்டுக் கம்பிக்கு வெவ்வேறு விடை தருகின்றன. மூடிய சுற்றுக்கோ மூன்றும் ஒரே விடைதான். ஒரு புள்ளியில் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், முழுச் சுற்றுக்கு எவ்வளவு என்பது மாறாது.

ஹெவிசைடு வீசி எறிந்தார்

ஆளுக்கு ஆள் மாறும் ஒன்றை இயற்பியல் என்று எப்படி ஒப்புக்கொள்வது? இந்தக் கேள்வியைக் கடுமையாகக் கேட்டவர் ஆலிவர் ஹெவிசைடு. பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை விட்டவர், காது சரியாகக் கேட்காதவர், தந்தி இயக்குநராக வேலை பார்த்தவர். 1874-இல், இருபத்து நான்கு வயதில், அந்த வேலையையும் உதறிவிட்டு வீட்டில் உட்கார்ந்து மாக்ஸ்வெல்லின் நூலைத் தானாகவே படித்தார்.

மாக்ஸ்வெல்லின் 1865-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருபது சமன்பாடுகள். ஹெவிசைடு 1884, 85 வாக்கில் அவற்றைச் சுருக்கி, மின்புலமும் காந்தப்புலமும் மட்டும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் நான்கு சமன்பாடுகளாக்கினார். நம் டி-சர்ட்டுகளில் அச்சடிக்கிறோமே, ‘மாக்ஸ்வெல் சமன்பாடுகள்’, அது ஹெவிசைடு கொடுத்த உருவம். ஜெர்மனியில் ஹெர்ட்ஸும் 1890-இல் இதே பாதையில் வந்தார். இருவரும் பொட்டன்ஷியல்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. மாக்ஸ்வெல் தேர்ந்தெடுத்த முறைப்படி, மின் பொட்டன்ஷியல் ஒரு இடத்தில் மாறினால் உலகம் முழுவதும் அந்தக் கணமே மாற வேண்டும். ஒளியே நேரம் எடுத்துக்கொண்டுதான் போகிறது, இது மட்டும் எப்படி? டென்மார்க்கின் லுட்விக் லோரென்ஸ் 1867-இலேயே வேறொரு முறையைச் சொல்லியிருந்தார். அதில் பொட்டன்ஷியல்களும் ஒளியின் வேகத்தில்தான் பரவும். இரண்டு முறையிலும் புலங்கள் ஒன்றே, பொட்டன்ஷியல்கள் மட்டும் வேறு வேறு. 1888 செப்டம்பரில் இங்கிலாந்தின் பாத் நகரில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் இதைப் பற்றி விவாதமே நடந்தது. ஹெவிசைடின் கட்சி தெளிவானது: அளக்க முடியாததைப் பற்றி எதற்கு வாதம்? தூக்கி எறி!

ஹெவிசைடை வில்லனாக்க நான் வரவில்லை. அந்தச் சுத்தம் செய்ததால்தான் தந்தி, தொலைபேசிக் கம்பிகளில் குரல் சிதையாமல் போக என்ன செய்ய வேண்டும் என்பதை 1887-இல் அவரால் காட்ட முடிந்தது. ஆனால் அதோடு ஒரு பழக்கமும் பரவியது. “‘ஏ’ என்பது கணக்குக்காக மட்டும்” என்ற அந்த வாக்கியம் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது இந்த வழியில்தான்.

மின்பாதையில் மறைந்திருந்தது

இயற்பியல்காரர்கள் எறிந்ததைப் பொறியாளர்கள் எறியவில்லை. எறிய முடியவில்லை! மின் பொறியியல் மாணவர் எவரையும் கேளுங்கள், மின்பாதையின் இண்டக்டன்ஸ் சூத்திரத்தைத் தூக்கத்திலும் சொல்வார்: 2 × 10⁻⁷ பெருக்கல் ‘லாக்’. கம்பிகளின் இடைவெளியை, கம்பியின் ஆரத்தில் 0.7788 பங்கால் வகுத்து ‘லாக்’ எடுக்க வேண்டும். அந்த ‘லாக்’ எங்கிருந்து வந்தது? நீளக் கம்பியின் வெக்டர் பொட்டன்ஷியலேதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. ஜி.எம்.டி. என்று நாம் பாராயணம் செய்யும் பெருக்கல் சராசரித் தூரத்தை 1872-இல் கொடுத்தவரும் மாக்ஸ்வெல்தான்.

என் வேலையில் ‘ஏ’ எப்படி முகம் காட்டுகிறது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். முன்பு சொன்ன 100 ஆம்பியர் கம்பிக்கு இணையாக, 1 மீட்டரிலும் 10 மீட்டரிலும் இரண்டு கம்பிகள் ஒரு கிலோமீட்டர் தூரம் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். ‘ஏ’ மாறும் வேகம்தான் மின்புலம் என்று மாக்ஸ்வெல் சொன்னபடி பெருக்கினால், அந்த இரண்டு கம்பிகளுக்கும் நடுவே சுமார் 14.5 வோல்ட் தூண்டப்படும். பழுது ஏற்பட்டு 1,000 ஆம்பியர் பாய்ந்தால் 145 வோல்ட். 10,000 ஆம்பியர் என்றால் 1,450 வோல்ட். எங்கேயும் தொடாத ஒரு கம்பியில்! மின்பாதைக்கு இணையாகத் தொலைபேசிக் கம்பி போகும் இடத்தில் வேலை செய்கிற லைன்மேனின் உயிர் சம்பந்தப்பட்ட எண் இது. இதற்காகவே நம் நாட்டில் மின்துறையும் தொலைத்தொடர்புத் துறையும் சேர்ந்த பி.டி.சி.சி. என்ற குழு இருக்கிறது. மின்பாதையின் வழித்தடத்துக்கு அதன் ஒப்புதல் வாங்க வேண்டும்.

அந்தக் கணக்கிலும் பழைய கேள்வியே வந்து நிற்கும்: மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்புகிறது? பழுது நேரத்தில் அது பூமி வழியாகத் திரும்பும். பூமிக்குள் எவ்வளவு ஆழத்தில், எப்படிப் பரவி என்பதை 1926-இல் அமெரிக்காவின் கார்சன் கணக்கிட்டுக் கொடுத்தார். இன்றும் நாங்கள் பயன்படுத்துவது அதைத்தான். 25,000 வோல்ட் மின்ரயில் பாதைகளில் தொலைபேசிக் கம்பி பக்கத்தில் வரும் இடங்களில் பூஸ்டர் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, திரும்பி வரும் மின்னோட்டத்தைப் பூமியில் அலையவிடாமல் மேலேயே ஒரு கம்பியில் இழுத்து வருவதும் இதே காரணத்தால்தான். போகிறதும் வருகிறதும் பக்கம் பக்கமாக இருந்தால் வெளியே ‘ஏ’ அடங்கிவிடும்.

1970-களின் தொடக்கத்தில், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் எம்.வி.கே. சாரியும் சில்வெஸ்டரும் மின் இயந்திரங்களின் காந்தப்புலத்தைக் கணிப்பொறியில் சிறு சிறு முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். அவர்கள் தேடிய அளவு ‘ஏ’தான். மோட்டார் டிசைன் மென்பொருளின் திரையில் அழகான வளைகோடுகள் தெரியுமே, அவை ‘ஏ’ ஒரே அளவாக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள். ஆக, ‘நிஜத்தில் இல்லாத’ ஒன்றை வைத்து நிஜமான மோட்டார்கள் செய்துகொண்டிருந்தோம்.

பின்வாசல் வழியாக

1926-இல் குவாண்டம் இயற்பியல் சமன்பாட்டை ஷ்ரோடிங்கர் எழுதினார். அதில் மின்காந்தத்தைச் சேர்க்கப் போனபோது உள்ளே வந்தது காந்தப்புலம் அல்ல, ‘ஏ’. பெரும்பாலோர் இதையும் கணக்கு வசதி என்றே எடுத்துக்கொண்டார்கள். 1949-இல் எஹ்ரென்பெர்க், சிடே என்ற இருவர் ஒரு வினோதத்தைச் சுட்டிக்காட்டினார்கள்: காந்தப்புலமே இல்லாத வழியில் போகும் எலெக்ட்ரான் அலையையும் ‘ஏ’ பாதிக்க வேண்டும் என்று. கட்டுரை கவனிப்பாரற்றுக் கிடந்தது.

பத்து ஆண்டு கழித்து, 1959-இல், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்திலிருந்து அதே முடிவுக்குத் தாமாகவே வந்தார்கள் யாகிர் அகரோனோவும் டேவிட் போமும். போம், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நண்பர்களைப் பற்றிச் சாட்சி சொல்ல மறுத்ததற்காக பிரின்ஸ்டன் வேலையை இழந்து, பிரேசில், இஸ்ரேல் என்று அலைந்து பிரிஸ்டல் வந்தவர். ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு நீண்ட உரையாடல்கள் நடத்தியவர் என்று நம்மில் பலர் அறிந்த அதே போம்தான். அகரோனோவ் அவருடைய மாணவர். எஹ்ரென்பெர்க்கும் சிடேயும் முந்திக்கொண்டது தெரியவந்ததும், 1961-இல் அதை அச்சிலேயே ஒப்புக்கொண்டார்கள்.

அவர்கள் சொன்ன சோதனை எளிமையானது. நீளமான, மெல்லிய சொலினாய்டு ஒன்று. அதன் காந்தப்புலம் முழுவதும் உள்ளே அடைபட்டிருக்கிறது, வெளியே சுத்தமாக இல்லை. ஆனால் வெளியே ‘ஏ’ இருக்கிறது. நீளக் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் எப்படி வட்டமிட்டதோ, அப்படியே நீளச் சொலினாய்டைச் சுற்றி ‘ஏ’ வட்டமிடுகிறது; தூரத்தோடு குறையும் விகிதம்கூட ஒன்றேதான். பழைய வாய்க்கால் உவமையில் சொன்னால், தொட்டியின் அடைப்பைத் திறந்ததும் ஓட்டையைச் சுற்றி நீர் வட்டமிடுமே, அது போல. அதில் மிதக்கும் துரும்பு ஓட்டையைச் சுற்றிப் போகும். ஆனால் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாது. ஓட்டம் உண்டு, சுழற்சி இல்லை. அதாவது ‘ஏ’ உண்டு, காந்தப்புலம் இல்லை.

இப்போது ஓர் எலெக்ட்ரான் அலையை இரண்டாகப் பிரித்து, சொலினாய்டின் இரு பக்கமும் அனுப்பி மறுபடி சேர்க்கிறோம். ஒரு பாதி ஓட்டத்தோடு போகிறது, மறுபாதி எதிர்த்துப் போகிறது. சேரும் இடத்தில் உருவாகும் ஒளி-இருள் வரிகள் இடம் நகர வேண்டும். எவ்வளவு என்பதை முடிவு செய்வது ஒரு முழுச் சுற்றில் ‘ஏ’யின் மொத்தம். எலெக்ட்ரான் போன வழியில் எங்கும் அதன்மீது விசை எதுவும் இல்லை!

1960-இலேயே பிரிஸ்டலில் சேம்பர்ஸ் நுண்ணிய இரும்பு இழையை வைத்து வரிகள் நகர்வதைக் காட்டினார். “கொஞ்சம் காந்தப்புலம் வெளியே கசிந்திருக்கும்” என்று சந்தேகக்காரர்கள் விடவில்லை. இருபத்தைந்து ஆண்டு வாதம். 1986-இல் ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் அகிரா டோனோமுரா குழுவினர் அதை முடித்துவைத்தார்கள். மைக்ரான் அளவிலான ஒரு வளையக் காந்தம், அதைச் சுற்றி நியோபியம் என்ற உலோகப் போர்வை. சுமார் 9 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்தால் நியோபியம் மீக்கடத்தியாகிவிடும். காந்தப்புலம் அதைத் தாண்டி வெளியே வர முடியாது. வளையத்தின் ஓட்டை வழியாக ஒரு பாதி அலை, வெளிப்பக்கமாக மறுபாதி அலை. கசிவுக்கு வழியே இல்லை. வரிகள் நகர்ந்தன, கோட்பாடு சொன்னபடியே சரியாக அரை வரி அளவு நகர்ந்தன.

ஃபாரடே 1831-இல் தேடியது என்ன? மின்னோட்டம் சீராக இருக்கும்போது, எதுவும் மாறாதபோது, அந்த மறைவு நிலையின் ஒரு தடயம். கம்பியிலும் முள்ளிலும் தேடினார், கிடைக்கவில்லை. எலெக்ட்ரான் என்ற பெயரே பிறக்காத காலம். தடயம் எலெக்ட்ரானின் அலையில் இருந்தது. 155 ஆண்டுக்குப் பிறகு அது கிடைத்தது.

அப்படியானால் எது நிஜம்?

‘ஏ’ நிஜம் என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். ஒரு புள்ளியில் ‘ஏ’ எவ்வளவு என்பது இன்றும் நம் விருப்பம்தான். அதில் ஹெவிசைடு சொன்னது பொய்யாகவில்லை. ஒரு முழுச் சுற்றில் அதன் மொத்தம் யார் விருப்பத்துக்கும் கட்டுப்படாது. நம் நீளக் கம்பி முதலிலேயே சொன்ன சேதி அது: புள்ளியைக் கேட்டால் முடிவிலி, சுற்றைக் கேட்டால் ஒழுங்கான விடை. சொலினாய்டையும் குவாண்டம் முறையிலேயே கணக்கிட்டால் பொட்டன்ஷியல் இல்லாமலேயே இந்த விளைவை விளக்கலாம் என்று 2012-இல் வைட்மன் வாதிட்டார், மறுப்புகளும் வந்தன. 2022-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரூபிடியம் அணுக்களை வைத்து, ஈர்ப்பு விசைக்கும் இதேபோன்ற விளைவு உண்டு என்று காட்டினார்கள். இருநூறு வயதை நெருங்கும் ஒரு கருத்து இன்னும் வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது நம் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. “இது கணக்குக்காக மட்டும்” என்று எந்தப் பாடத்தில், யார் சொன்னாலும் சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள். எந்தக் கணக்குக்காக, அதில் எந்தப் பகுதி நம் வசதி, எந்தப் பகுதி நம் வசதிக்கு மசியாதது என்று கேளுங்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பாடம் பாதி முடிந்தது. உடனே பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. கணக்கே தெரியாத ஒரு பைண்டர் கேட்ட கேள்விக்குப் பதில் வர 155 ஆண்டு ஆயிற்று. கேள்வி சரியானது, அதனால் அது காத்திருந்தது.

என்னோடு படித்து, இன்று வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வேலை பார்க்கிற நண்பர்களே! சந்திப்புக்கு வரும் வழியில் ஜன்னலுக்கு வெளியே மின்கோபுரங்கள் ஓடும். ஒரே கோபுரத்தில் கம்பிகள் ஏன் அவ்வளவு கணக்காக, பக்கம் பக்கமாகப் போகின்றன என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், போனது திரும்பி வர வேண்டும் அல்லவா, அதனால்தான் என்று சொல்லுங்கள். மீதியை நேரில் பேசிக்கொள்வோம்.